மூடியின் ஓரத்தில் ஒரு கீறல்

வலப்பக்க ஸ்டியரிங்.
ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த வண்டி
கப்பலேறி விளாதிவஸ்தோக் வந்தது,
அங்கிருந்து எங்கள் ஊருக்கு.
சாவியைத் திருப்பினால் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லும்.
ஆறு வருடமாக எனக்குப் புரிந்ததில்லை.
வணக்கமாக இருக்குமென்று
நானும் தலையசைத்துவிட்டுக் கிளம்புவேன்.

அன்று காலை அவள் பாதிச் சொல்லில் நின்றாள்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பின்னால் நான்கு பெட்டி ஓமுல் மீன்,
பைக்கால் பிடித்துத் தந்தது, குளிர் கெட்டியாக்கியது.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
உலான்-உதேக்கு இந்தப் பக்கம், ரயில்வே கேட்டில்,
முன்சக்கரம் தண்டவாளம் தாண்டியது,
பின்சக்கரம் தாண்டவில்லை.
விளக்கு போனது. ஹீட்டர் போனது.
எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுப் போனது.

பயந்தவள் செய்வதைத்தான் செய்தேன்:
கியரைத் தள்ளி 'பி'யில் போட்டேன்.
நின்றுவிட்ட வண்டியை
நிறுத்தினேன்.

பாட்டரியில் உயிரில்லை; இனி அது 'பி'யை விட்டு வராது.
கட்டுத்தறியில் கட்டி
முடிச்சை விழுங்கிவிட்டாற்போல.

கேட்காரி ஜினைதா ஓடிவந்தாள்,
ஆரஞ்சு மேலங்கி, முழங்கால்வரை கம்பளிப் பூட்ஸ்.
வண்டியைப் பார்க்கவில்லை. என் கதவைத் திறந்தாள்.
"இறங்கு. இரும்பும் இரும்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும், நீ இறங்கு."
சிவப்பு போட்டாயிற்று, ரேடியோவில் கத்தியாயிற்று.
ஆனாலும் எழுபது பெட்டி நிலக்கரிக்கு
நில் என்ற சொல் காதில் ஏற
ஒரு கிலோமீட்டர் பிடிக்கும்.

விறகு லாரியிலிருந்து சோக்தோ குதித்தான், கூட இரண்டு பேர்.
தள்ளினார்கள். பூட்ஸ்தான் வழுக்கியது.
"நியூட்ரலில் போடு!"
"வரவில்லை!"
"வராமல் எங்கே போகும்?"
"மூன்று நிமிடம்," என்றாள் ஜினைதா,
"இரண்டாவதில் விசில் அடிப்பேன்,
அடித்தால் எல்லாரும் ஓடணும், ஹீரோ எவனும் வேண்டாம்."

சோக்தோ உள்ளே குனிந்தான்.
கியர்க்கம்பிக்குப் பக்கத்தில் நகம் அளவு ஒரு மூடி.
ஆறு வருடம் அதன்மேல் காபிக் கோப்பை வைத்திருக்கிறேன்.
மூடியின் ஓரத்தில் கீறல், பழையது, சாம்பல் நிறம்.
"யாரோ உனக்கு முன்னாலேயே மாட்டியிருக்கிறார்கள்,"
என்று அதே கீறலில் கத்திமுனையை வைத்து நெம்பினான்.

மூடி தெறித்தது. கீழே ஓட்டை.
கத்தி தடிமன். சாவியை எடுக்கக் கூடாது,
எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.
மீன்பெட்டியின் பலகையைப் பிய்த்தான்,
ஆணி ஒன்று வந்தது, செதிலோடு.

ஆணியை இறக்கி அழுத்தினான், பிரேக்கை மிதித்தான்,
கம்பியை இழுத்தான்.
பி. ஆர். என்.

முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
எஞ்சினும் சக்கரமும்
ஒன்றையொன்று கைவிட்ட இடம்.
ஒரு டன்னுக்கு மேலான பாரம்
தொட்டில்போல் லேசாக அசைந்தது.

நால்வரும் தோள் கொடுத்தோம். தாண்டியது.
தாண்டியபின் நிற்கவில்லை!
சரிவுக்கும் நியூட்ரல் தெரியும் என்பதை மறந்திருந்தோம்.
ஆளில்லாமல், அவசரமில்லாமல் உருண்டுபோய்
பனிக்குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

விசில் அடித்தாள் ஜினைதா, தேவையில்லாமல்.
வாயில் வைத்த விசிலை என்னதான் செய்வது.

ரயில் கிறீச்சிட்டபடி ஊர்ந்து வந்து,
சரியாகக் கேட்டின்மேல் நின்றது.
டிரைவர் ஜன்னலைத் திறந்தான். எங்களைப் பார்த்தான்,
சிதறிய பலகையைப் பார்த்தான்.
"ஓமுலா? கிலோ என்ன விலை?"
அப்போதுதான் எனக்குக் கால் நடுங்கியது.

போன வசந்தத்தில் வண்டியை விற்றேன்.
புதுப் பாட்டரி; அந்தப் பெண் முழு வாக்கியமும் சொன்னாள்.
வாங்க வந்தவன் விரலால் தடவிப் பார்த்து,
"இங்கே கீறியிருக்கிறதே, ரெண்டு இடத்தில்," என்றான்.
இரண்டாயிரம் ரூபிள் குறைக்கச் சொன்னான்.

குறைத்தேன்.
ஆணியையும் கொடுத்தேன். எதற்கென்று கேட்டான்.
சாம்பல் கிண்ணத்திலேயே கிடக்கட்டும் என்றேன்.